நாக்குக்கு வராத எழுத்து

“சொந்த ஊர் எதும்மா?”

நேர்முகத் தேர்வில் கேட்ட முதல் கேள்வி அதுதான். எதிரே நீள மேசை, அதன் மேல் பச்சைத் துணி, மூடி போட்ட தண்ணீர் டம்ளர்கள். ஃபேன் காற்றில் என் விண்ணப்பம் படபடத்தது. மேசைக்குப் பின்னால் இருந்த நாலு பேரில் ஒருவர் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து அதன் மேல் வைத்தார்.

இதைவிடச் சுலபமான கேள்வியை யாரும் யாரிடமும் கேட்க முடியாது. புவியியலில் எம்.ஏ. படித்தவளுக்குச் சொந்த ஊர்ப் பெயர் சொல்ல வராதா? வரவில்லை. நாள்கணக்கில் நாக்கை மடக்கி மடக்கிப் பழகி வைத்திருந்த பெயர், வேண்டிய நேரத்தில் தொண்டையில் நின்றுகொண்டது.

“திருச்சு…” என்று இழுத்தேன்.

“திருச்சியா?” என்றார் கண்ணாடிக் கூட்டுக்காரர்.

“இல்ல சார். திருச்சுளி.”

“திருச்சுழி” என்று மெதுவாகத் திருத்தினார் அவர். அந்த எழுத்தை அவர் அத்தனை அழகாகச் சொன்னார். என் ஊர்ப் பெயரை ஊர்க்காரர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

போச்சுடா, முதல் கேள்வியிலேயே விழுந்தாச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

போர்டில் ஒன்று, வாயில் ஒன்று

எங்கள் பக்கத்து ஆட்களில் பலருக்கு ‘ழ’ வராது. எழுதுவோம், படிப்போம். வாயைத் திறந்தால்தான் அது ‘ள’ ஆகிவிடும். பழம் பளம், கிழவி கெளவி, கோழி கோளி. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸின் போர்டில் ‘திருச்சுழி’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதற்குக் கீழேயே நின்றுகொண்டு கண்டக்டர் “திருச்சுளி, திருச்சுளி” என்று கத்துவார். அதனால் யாரும் தப்பான ஊருக்கு ஏறிப் போய்விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா ஒருவர் இருந்தார். அவருக்கும் வராது. அதனால் அந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் அடி வாங்கியதில்லை.

நான் புவியியல் படித்ததே ஒரு விபத்து. மதுரையில் பெண்கள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்த சீட்டு அதுதான். “அதுல சேந்துட்டு வா, அடுத்த வருசம் மாத்திக்கலாம்” என்றார் அப்பா. அவருக்குத் திருச்சுழியில் மிளகாய் வத்தல் வியாபாரம். கல்லூரியையும் கமிஷன் மண்டி மாதிரி நினைத்துவிட்டார்.

மாற்றிக்கொள்ளவில்லை, பிடித்துப் போய்விட்டது. எங்கள் தாலுகாவின் வரைபடத்தை முதன்முதலாக மேசையில் விரித்துக் காட்டியபோது எனக்கு வாய் பிளந்துவிட்டது. திருச்சுழியைச் சுற்றி நீலம் நீலமாக அத்தனை கண்மாய்! ஊரில் வருஷத்தில் பாதி நாள் அதற்குள் ஆடு மேயும். காகிதத்திலாவது தண்ணீர் இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம். அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பாடம் முழுக்க எனக்கு வராத எழுத்துதான். மழை, கிழக்கு, ஆழம், கழிமுகம், சுழற்சி, தாழ்வழுத்தம். அந்தக் காலத்துப் பெரியவர்கள் பூகோளம் என்று பெயர் வைத்திருந்தார்கள், அதிலாவது எங்கள் ‘ள’ இருந்தது.

அரை டீச்சர்

நான் வாழ்க்கைப்பட்டது ஒரு நூல் கடைக்காரர் வீட்டில். அருப்புக்கோட்டையில் கைத்தறிக்காரர்களுக்கும் பவர்லூம்காரர்களுக்கும் நூல் விற்பது மாமனாரின் வியாபாரம். வீட்டுக்குப் பின்தெரு முழுக்கத் தறிச் சத்தம். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் தூக்கம் கலைந்துவிடும் என்றாகிவிட்டது.

எண்பதுகளின் பின்பாதி அது. ஒருநாள் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து என் முன்னால் போட்டார். “ஏ, இதைப் பாரு. ஒன் பூகோளத்துக்கு ஆள் கேட்ருக்கான்.”

ஒரு பல்கலைக்கழகம், பெயர் இங்கே வேண்டாம். அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்குச் சனி, ஞாயிறுகளில் பல ஊர்களில் வகுப்பு நடத்தப் பகுதி நேர விரிவுரையாளர்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தது. பாட வரிசையில் கடைசியில் புவியியல். நான் பி.எட். முடிக்கவில்லை என்பதால் பள்ளிக்கூட வேலைக்கு வழியில்லை. எம்.ஏ.வை மட்டும் வைத்துக்கொண்டு நான் உள்ளே போகக்கூடிய ஒரே கதவு இதுதான்.

சாப்பிடும்போது மாமனாரிடம் பேச்சு போனது. பகுதி நேரம் என்றால் என்ன என்று கேட்டார். பாதி நேரம் என்றார் என் வீட்டுக்காரர். “அப்ப பாதி வாத்தியாரா?” என்றார் மாமா, சோற்றைப் பிசைந்துகொண்டே. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ‘அரை டீச்சர்’ என்று பெயர். அரை டீச்சர், காபி போடு. அரை டீச்சர், பால்காரன் வந்துட்டான்.

மாமாவுக்கு வேறு யோசனை இருந்தது. பஜாரில் இரண்டாவது கடை திறக்க இடம் பார்த்து வைத்திருந்தார். அதில் கல்லாவில் உட்கார வீட்டு ஆள் வேண்டும். நான் கணக்கில் கெட்டி. வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காமல் பேசுவேன். (வீட்டில் சுளிப்பேன், அது வேறு.)

நாலு நாள் யோசித்துவிட்டு மாமா கூப்பிட்டார்.

“போயிட்டு வாத்தா. கெடச்சா வேலைக்குப் போ, நான் குறுக்க நிக்கல. கெடைக்கலைன்னா புதுக்கடையில உக்காரணும். அதுக்குப் பெறகு இந்தப் பேச்சு வீட்ல வரப்படாது.”

அவர் கெட்டவர் இல்லை. சொன்னால் சொன்னதுதான், ஏற்றவும் மாட்டார், இறக்கவும் மாட்டார். சரி மாமா என்றேன். கடையில் உட்காருவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அங்கே ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் நான் படித்ததெல்லாம் அந்தக் கல்லாப் பெட்டியோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டாம். இந்த வேலை அளவுக்கு ஆசையாக நான் வேறு எதையும் கேட்டதில்லை.

மாட்டு டாக்டரின் பச்சை மை

அந்தக் காலத்தில் வேலைக்கு விண்ணப்பிப்பது என்றால் முதல் வேலை, கெஜட்டட் ஆபீசரைத் தேடுவது. சான்றிதழ் நகல்களில் அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டால்தான் அது உண்மையான நகல். எங்களுக்குத் தெரிந்த ஒரே பச்சை மைக்காரர் கால்நடை டாக்டர்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்ப மரத்தடியில் ஆடுகளும் ஒரு சினை மாடும் வரிசையில் நின்றன. ஆட்டைப் பிடித்திருந்த அம்மாவுக்குப் பின்னால் நானும் சான்றிதழ்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் கை கழுவிவிட்டு வந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, என் மதிப்பெண் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“புவியியலா? அப்ப எங்க வீட்ல போர் எங்க போட்டா தண்ணி வரும்னு சொல்லுங்க பாப்போம்.”

இது எனக்குப் பழகிய கேள்வி. எங்கள் சீமையில் யாரிடம் புவியியல் என்றாலும் அடுத்த வாய் தண்ணீர்தான். அது எனக்குத் தெரியாது சார், அது வேறு படிப்பு என்றேன். அவர் முகம் தொங்கிப் போனது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டார். ஒரு நகலின் ஓரத்தில் மருந்து வாசனை ரொம்ப நாள் இருந்தது.

நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லிக் கார்டு வந்ததும் ‘ழ’வைப் பிடித்துக்கொண்டேன். அடுப்படியில் குழம்பு கொதிக்க, நான் “மழை, வாழை, கிழக்கு” என்று நாக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்பேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வந்ததோடு நிற்கவில்லை, அதுதான் வினை. வேண்டாத இடத்திலும் வர ஆரம்பித்தது. பள்ளத்தாக்கு பழ்ழத்தாக்கு ஆனது. வெள்ளம் வெழ்ழமானது. “பல்லு வலியா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

தேர்வுக்குப் போன அன்று மதுரை வரை அவரும் வந்தார், அவருக்கு அங்கே நூல் கொள்முதல் இருந்தது. ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். ஜன்னலுக்கு வெளியே உடைமரமும் கரிசல் வெடிப்பும் போய்க்கொண்டிருக்க, நான் உதடு அசைத்துப் பாடம் சொல்லிக்கொண்டே போனேன். காரியாபட்டியில் கூடையோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

“மோந்து பாரும்மா. வாந்தி நின்னுரும்.”

மறுக்க மனம் வரவில்லை. மதுரை வரைக்கும் மோந்துகொண்டே போனேன். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தனியாகப் போனபோதும் அது கைப்பைக்குள் இருந்தது.

மலை எங்கே, மழை எங்கே

ஊர்ப் பெயரில் விழுந்த கதையைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் நன்றாகவே போனது. மண் வகைகள், வரைபட அளவை, பருவக் காற்று என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர், அவர்தான் தலைவர், “ஒரு சின்னப் பாடம் நடத்திக் காட்டுங்கம்மா” என்றார். மழை மறைவுப் பகுதி. சாக்பீசைக் கையில் கொடுத்தார்கள்.

இதைவிட நல்ல தலைப்பு எனக்குக் கிடைக்காது. நான் பிறந்து வளர்ந்ததே அதற்குள்தான். திருத்தமாக, நாக்கைப் பத்திரமாக மடக்கி ஆரம்பித்தேன்.

“தென்மேற்குப் பருவக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மழையில் மோதி…”

கண்ணாடிக் கூட்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். “மழையில் மோதினால் என்ன ஆகும்மா?”

“மளை பெய்யும் சார்.”

மலையை மழையாக்கி, மழையை மளையாக்கிவிட்டேன். நாலு பேரும் சிரித்தார்கள். தலைவர்கூடத் தண்ணீர் டம்ளரை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். இன்றைக்கு யோசித்தால் அவர்கள் சிரித்ததில் தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு ஊர்த் தமிழ் தானாக வரும்.

“சார், அந்த எளுத்து எனக்கு வராது. எங்க பக்கம் சும்மா மளைன்னு சொன்னாலே வாரதில்ல. நாக்க மடக்கிக் கூப்பிட்டா மட்டும் வந்துரப் போகுதா?”

சொல்லிவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனி போனால் போகட்டும் என்று ஒரு மலையை வரைந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் காற்று தன் ஈரத்தையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்குவதைச் சொன்னேன். ஆடி மாசம் எங்கள் கடை வாசலில் நூலைப் பறக்கடித்துக் கண்ணில் புழுதியை அள்ளிப் போடுவது அந்தக் காற்றுதான் என்றேன். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே இருந்து வந்தால் உண்டு, அதுவும் தவறினால் கண்மாய்க்குள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்றேன். மளை மளை என்று எத்தனை தடவை சொன்னேனோ, கணக்கில்லை. யாரும் சிரிக்கவில்லை. தலைவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

முடித்ததும் கண்ணாடிக் கூட்டுக்காரர் கேட்டார். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை.

“பாடம் நல்லாப் புரிஞ்சதும்மா. ஆனா நீங்க மளைன்னு சொன்னா, கேக்கிறவங்க மளைன்னுதானே எழுதுவாங்க? பரீட்சையில் மார்க் போனா, பாவம் அவங்கதானே?”

கேட்டது நியாயம். கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், நியாயத்துக்கு என்ன செய்வது? சாக்பீசை மேசை மேல் வைத்தேன். தெரிவிக்கிறோம் என்றார்கள். எலுமிச்சம்பழ வாசனையோடு வெளியே வந்தேன்.

மதுரை பஸ் ஸ்டாண்டில் நூல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று பார்த்தேன். கடைசிக் கேள்வி வரைக்கும் சிரித்தார். அதற்குப் பிறகு, “வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று மட்டும் சொல்லி மூட்டையைத் தூக்கினார்.

புதுக்கடை

சித்திரையில் புதுக்கடை திறந்தது. கல்லாவில் நான். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேச்சு வரப்படாது என்றால் வரப்படாதுதான். சாம்பிராணிப் புகைக்கும் புது நூலின் கஞ்சி வாடைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை சிட்டம் நூல், பாக்கி எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தேன். சில நாள் மத்தியானத்தில் யாரும் இல்லாதபோது அழுதிருக்கிறேன். அதிலெல்லாம் மறைக்க ஒன்றுமில்லை.

ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு உத்தரவு வந்தது. அருப்புக்கோட்டை மையத்திலேயே புவியியல் வகுப்பு, சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்.

என் வாய்ச் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த வேலை என்று கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். மையத்தில் வருகைப் பதிவு பார்க்கும் கிளார்க் அதையும் கெடுத்துவிட்டார். “ஒங்களுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கு ஆர்டர் போச்சும்மா. இந்த வெயிலுக்கு யாரு வருவான்னு வர மாட்டேன்னுட்டாக.” ஆக, எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது எங்கள் ஊர் வெயில்.

உத்தரவை மாமாவிடம் காட்டினேன். சனிக்கிழமை என்றதும் அவர் முகம் மாறியது. சனிக்கிழமை தறிக்காரர்களுக்குக் கூலி நாள். வாரத்தில் கடையில் கூட்டம் நெரிவது அன்றைக்குத்தான். அந்த ஒரு நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளும் கேட்டிருந்தால்கூட அவர் கொடுத்திருப்பார்.

காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. என் பெயர் மட்டும் தெரியும், அதில் விரலை வைத்திருந்தார்.

“கெடச்சா போன்னு சொன்னேன்ல. சனிக்கெளமை நான் உக்காந்துக்கிறேன்.”

அதற்குப் பிறகு பல வருஷம் சனிக்கிழமைகளில் புதுக்கடைக் கல்லாவில் மாமாதான்.

முதல் வகுப்பு

ஒரு பள்ளிக்கூடத்தைச் சனி, ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு பெரிய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தறி ஓட்டும் ஒருவர், கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், காரியாபட்டியிலிருந்து சைக்கிளிலேயே வந்த ஓர் இளைஞர். முன் பெஞ்சில் வீரசோழன் ஊர்க்காரர் சாகுல் பாய். சவூதியில் கடை வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், என்னைவிட மூத்தவர். ஒரு டிகிரி வாங்கிவிட வேண்டும் என்று வந்திருந்தார். எல்லாரும் அந்த வாரம் முழுக்க வேறு எங்கோ உழைத்துவிட்டு வந்த முகத்தோடு இருந்தார்கள்.

பருவக் காற்று எடுத்தேன். மலையை வரைந்தேன். இந்தத் தடவை நாக்கை மடக்கவில்லை. எல்லாரும் குனிந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சாகுல் பாய் கையைத் தூக்கினார்.

“டீச்சர், ஒரு சந்தேகம். மளைக்குப் பரிச்சையில எந்த ‘ள’ போடணும்? பளத்துக்குப் போடுறதா, பள்ளத்துக்குப் போடுறதா?”

பச்சைத் துணி மேசையும் கண்ணாடிக் கூடும் கண் முன்னால் வந்து நின்றன. யாராவது சிரிப்பார்கள் என்று வகுப்பைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாப் பேனாவும் காகிதத்துக்கு மேலே நின்றது. அத்தனை பேருக்கும் அதே சந்தேகம். சாகுல் பாய்க்குக் கேட்கும் தைரியம் இருந்தது, அவ்வளவுதான்.

“பளத்துக்குப் போடுறது” என்றேன். “எடுத்து வச்சுக்கங்க. மாத்திப் போட்டா மார்க்கு போயிரும்.”

போர்டின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொன்றாக எழுதினேன். மழை. கிழக்கு. ஆழம். சுழற்சி. கழிமுகம். தாழ்வழுத்தம். கடைசியில், பாடத்தில் இல்லாவிட்டாலும், திருச்சுழி. நான் அந்த வேலையில் இருந்த வரைக்கும் எந்த வகுப்பானாலும் முதலில் அந்தக் கோட்டைப் போட்டு, அன்றைய பாடத்தில் வரும் ‘ழ’ எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

“பாத்துக்கிட்டீகளா? நான் வாயில என்ன சொன்னாலும் கையில இதத்தான் எளுதணும்.”

சாகுல் பாய் போர்டை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குறிப்பு நோட்டைச் சரியாக வைத்துக்கொண்டார். “இப்பச் சொல்லுங்க டீச்சர்” என்றார்.

“மளை” என்றேன்.

எல்லாரும் குனிந்து ‘மழை’ என்று எழுதினார்கள்.